அமைச்சரின் ஆள்

1997 மே 2, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கே கந்தோருக்குப் போய்விட்டேன். முதல் நாள் நடந்த பொதுத்தேர்தலில், பதினெட்டு வருடம் ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி படுதோல்வி கண்டிருந்தது. அப்போது நான் லண்டன் வைட்ஹாலில் ஓர் அமைச்சரின் அலுவலகத்தில் டயரி செக்ரட்டரி. அமைச்சர் எத்தனை மணிக்கு யாரைச் சந்திக்கிறார், எந்த ரயிலில் போகிறார், இரவு அவரோடு வீட்டுக்குப் போகும் சிவப்புப் பெட்டிக்குள் என்னென்ன கோப்பு என்று பார்ப்பது என் வேலை. அமைச்சர் போவார், நான் இருப்பேன். ஒன்றிரண்டு நாளில் வேறு கட்சிக்காரர் ஒருவர் அதே நாற்காலிக்கு வருவார். அவருக்கும் நான்தான் நாட்குறிப்பு எழுதுவேன்.

எங்கள் அறையில் ஒருவருக்கு மட்டும் அன்றோடு வேலை முடிந்தது. அவர் அமைச்சரின் சிறப்பு ஆலோசகர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். எட்டரை மணிக்கு வந்தார். இரவு முழுக்கத் தொகுதியில் வாக்கு எண்ணுமிடத்தில் நின்ற முகம். வாசற்சீட்டைக் கழுத்திலிருந்து கழற்றி என் மேசையில் வைத்தார். சொந்தப் புத்தகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினார். பிறகு இழுப்பறையைத் திறந்து, பாதி கிழித்த தபால்தலைத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "இது கட்சிப் பணத்தில் வாங்கியது. தொகுதிக் காரியாலயத்துக்கு அனுப்பிவிடுவீர்களா?" என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்தேன், பதினொரு தபால்தலை. உறையில் போட்டு விலாசம் எழுதிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. இந்த உறைக்கு எதை ஒட்டுவது? திணைக்களத்தின் தபால் முத்திரையைக் குத்தினால் அரசாங்கப் பணம் கட்சிக்குப் போனதாகிவிடும். பதினொன்றில் ஒன்றைக் கிழித்து உறையில் ஒட்டினேன். பத்துத்தான் போய்ச் சேர்ந்தது.

இதை நான் இவ்வளவு வருடம் மனதில் வைத்திருப்பதற்குக் காரணம் அப்பா.

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்று எங்கள் யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். அப்பா அதை வேதமாக எடுத்தவர். 1944இல் கிளறிக்கல் சோதனை எழுதிக் கொழும்பில் ஒரு திணைக்களத்தில் லிகிதராகச் சேர்ந்தார். வெள்ளைக்காரன் போனான், சேனநாயக்கா வந்தார், பிறகு பண்டாரநாயக்கா வந்தார். அப்பாவின் மேசை அதே மேசை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது எத்தனையோ தமிழ் உத்தியோகத்தர் முன்கூட்டியே இளைப்பாறினார்கள். அப்பா இரவில் விளக்கு வைத்துச் சிங்களம் படித்து, சோதனை பாஸ்பண்ணி, வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்.

அவரை உடைத்தது வேறொன்று. 1971ஆம் ஆண்டு, எனக்குப் பத்தொன்பது வயது. ஓர் எம்.பி.யின் ஆள் கந்தோருக்குள் வந்து, அப்பாவின் மேசை விளிம்பில் ஏறியிருந்து, ஓர் ஒப்பந்தக் கோப்பைக் காட்டச் சொல்லியிருக்கிறான். அப்பா மறுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் மாற்றல் கடிதம் வந்தது. லீவில் வீட்டுக்கு வந்தவர், விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அம்மாவிடம் சொன்னது இன்றும் காதுக்குள் நிற்கிறது. "அவன் ஆர்? அவனுக்கு என்ன உத்தியோகம்? எந்தக் கடதாசியிலயும் அவன்ர பேர் இல்லை. ஆனா அவன் வரேக்கை எல்லாரும் எழும்பி நிக்கினம்."

அடுத்த வருடம் வந்த 1972 அரசியலமைப்பு, சோல்பரி அரசியலமைப்பின்கீழ் சுதந்திரமாக இருந்த அரசாங்க சேவை ஆணைக்குழுவை எடுத்துவிட்டு, உத்தியோகத்தரின் நியமனம், மாற்றல், ஒழுக்க விசாரணை எல்லாவற்றையும் அமைச்சரவையின் கையில் கொடுத்தது. அப்பா 1973இல் இளைப்பாறினார். மூன்று வருடம் கழித்து நான் லண்டன் வந்தேன். படித்து, சில்லறை வேலைகள் பார்த்து, கடைசியில் அப்பா செய்த அதே தொழிலில்தான் போய்ச் சேர்ந்தேன், இன்னொரு அரசாங்கத்தில்.

தபால்தலையைத் திருப்பித் தந்தவரும் அரசியல்வாதியின் ஆள்தான், மேசையில் ஏறியிருந்தவனும் அரசியல்வாதியின் ஆள்தான். முன்னவருக்குப் பதவிப்பெயர் உண்டு, சம்பளம் உண்டு, செய்யக்கூடாதவை எவை என்று எழுதிய விதி உண்டு, வெளியேறவேண்டிய நாள்கூட உண்டு. இவற்றை உருவாக்கப் பிரித்தானியாவுக்குத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் பிடித்தது.

முதலில் உத்தியோகத்தரைச் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை லண்டனிலும் அரசாங்க வேலை தெரிந்த ஆளைப் பிடித்துத்தான் கிடைத்தது. 1854இல் வெளியான நோர்த்கோட் – ட்ரெவெலியன் அறிக்கை, போட்டிப் பரீட்சை வைத்து ஆளெடுக்க வேண்டும், திறமை பார்த்து உயர்த்த வேண்டும் என்றது. அப்பா எழுதிய கிளறிக்கல் சோதனையின் பாட்டன் அந்த அறிக்கை. அதை எழுதிய இருவரில் ஒருவரான சார்ள்ஸ் ட்ரெவெலியனைச் சென்னைக்காரருக்கும் தெரிந்திருக்கலாம். 1859இல் மதராஸ் கவர்னராகப் போனவர், பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கியவர். மறு வருடமே திருப்பி அழைக்கப்பட்டார். கல்கத்தாவில் நிதி உறுப்பினராயிருந்த ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வருமானவரித் திட்டத்தை அவர் எதிர்த்தார். எதிர்ப்பை உள்ளே சொல்லியிருந்தால் வேறு கதை. பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார், வேலை போயிற்று. உத்தியோகத்தன் அமைச்சரிடம் எதையும் சொல்லலாம், மூடிய கதவுக்குள் மட்டும் சொல்லவேண்டும் என்ற மரபு எவ்வளவு கடுமையானது என்பதற்கு, அந்த மரபின் தகப்பனே பலியான கதை இது.

இப்படி ஓர் உத்தியோகத்தர் வர்க்கம் உருவானதும் இன்னொரு இடைவெளி தெரிந்தது. அமைச்சருக்கு ஒரு கட்சி இருக்கிறது, தேர்தலில் கொடுத்த வாக்குறுதி இருக்கிறது, அடுத்த தேர்தல் இருக்கிறது. அதைப்பற்றி அவர் யாருடன் கதைப்பது? பக்கத்து அறையிலிருக்கும் நிரந்தரச் செயலாளர் கட்சிப் பேச்சு வந்தால் பேனாவை மூடிவைத்துவிடுவார். மூடிவைக்கவும் வேண்டும்.

1916 டிசம்பரில் பிரதமரான லொயிட் ஜோர்ஜ் இதற்கு ஒரு வழி பார்த்தார். யுத்தகாலம், இடமில்லை. டவுனிங் தெரு 10ஆம் இலக்க வீட்டின் பின்தோட்டத்தில் மரக்கொட்டில்கள் போட்டு, தனக்கென்று ஐந்தாறு பேரை அங்கே இருத்தினார். ஒக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் ஆடம்ஸ் அதற்குத் தலைவர். பிலிப் கெர் வெளிநாட்டு விவகாரங்களைப் பார்த்தார். வைட்ஹால் அதற்குத் 'தோட்டப் புறநகர்' என்று பெயர் வைத்தது. பெயரில் ஒரு குத்தல் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இலாகா தயாரித்த கடிதத்தைத் தோட்டத்துக் கொட்டிலில் ஒருவர் திருத்துகிறார் என்றால், இலாகாவின் அமைச்சர் எதற்கு? அந்தக் கேள்விக்கு லொயிட் ஜோர்ஜ் பதில் தேடவில்லை. யுத்தம் முடிந்தது, கொட்டிலும் போயிற்று.

இரண்டாம் யுத்தத்தில் சர்ச்சில் ஒரேயோர் ஆளை நம்பினார். பௌதிகப் பேராசிரியர் லிண்டமன். எண்களையும் வரைபடங்களையும் அரைப்பக்கத்தில் சுருக்கிக் கொடுக்கும் ஒரு புள்ளிவிபரப் பிரிவை அவர் நடத்தினார். பிரதமரின் செவிக்கு அவ்வளவு கிட்ட வேறு எந்த உத்தியோகத்தரும் இருந்ததில்லை. 1942 கடைசியில் அமைச்சர் பதவியே கொடுக்கப்பட்டது. 1943இல் வங்கம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, அங்கே தானியம் ஏற்றக் கப்பல் ஒதுக்குவதற்கு எதிராக நின்றவர்களில் அவரும் ஒருவர். பிரதமரின் காதுக்குள் ஓதப்படும் ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கிறபோதெல்லாம் எனக்கு இதுதான் முன்னால் வரும். வங்கத்துக் குடியானவனுக்கு அந்தப் பேராசிரியரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இன்று நாம் காணும் சிறப்பு ஆலோசகர் பிறந்தது 1964இல். பதின்மூன்று வருடம் எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சி அந்த ஒக்டோபரில் ஆட்சிக்கு வந்தது. இத்தனை காலம் கன்சர்வேட்டிவ்களுக்கு வேலை செய்த உத்தியோகத்தர்கள் நம் திட்டங்களை மனமார நடத்துவார்களா என்ற சந்தேகம் புதிய பிரதமர் ஹரோல்ட் வில்சனுக்கு இருந்தது. தோமஸ் பலோக், நிக்கலஸ் கால்டோர் என்ற இரண்டு பொருளியலாளர்களைக் கூட்டிவந்தார்கள். பலோக் அமைச்சரவைச் செயலகத்தில் இருந்து பிரதமருக்கு யோசனை சொன்னார். கால்டோர் திறைசேரியில் நிதியமைச்சர் கலகனின் சிறப்பு ஆலோசகர். இருவரும் ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர்கள். வைட்ஹால் கந்தோர்களில் அவர்களைப் 'புடா', 'பெஸ்ட்' என்றே குறிப்பிட்டார்கள். வெளியாளை வெளியாளாகவே வைத்திருக்கும் அந்தப் பகிடியின் சூடு எனக்கு வடிவாகத் தெரியும்.

கால்டோரைப்பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். லண்டன் திறைசேரிக்குள் கால்வைப்பதற்கு எட்டு வருடம் முன்பே அவர் எங்கள் பக்கத்தில் ஆலோசகராக இருந்தவர். 1956இல் டெல்லி போய் இந்திய வரிமுறையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். வருமானத்துக்கு மட்டும் வரி போட்டால் பணக்காரன் ஒளித்துவிடுவான், ஆகவே சொத்துக்கும் வரி, செலவுக்கும் வரி, அன்பளிப்புக்கும் வரி போடுங்கள், ஒன்றில் ஒளித்தது மற்றதில் வெளிவரும் என்பது அவருடைய கணக்கு. அதைக் கையில் எடுத்தவர் மதராஸ்காரரான நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1957இல் சொத்துவரிச் சட்டமும் செலவுவரிச் சட்டமும் வந்தன. ஒரு மனிதன் வருடத்தில் எவ்வளவு செலவழித்தான் என்று கேட்டு வரிபோடும் சட்டம் அதற்குமுன் எந்த நாட்டிலும் நடைமுறையில் இருந்ததில்லை. 1958 தொடக்கத்தில் முந்த்ரா விவகாரத்தில் டி.டி.கே. பதவி விலகினார். செலவுவரி 1962இல் எடுக்கப்பட்டது. அவர் மீண்டும் நிதியமைச்சராகி 1964இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் போனதும் 1966இல் அது ஒரேயடியாகப் போயிற்று. சொத்துவரி மட்டும் 2015 வரவுசெலவுத் திட்டம் வரை உயிரோடு இருந்தது.

1958இல் கால்டோர் இலங்கைக்கும் அதே மருந்தை எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் கொழும்பிலும் செலவுவரி வந்தது. அப்பா அதைப்பற்றி வெற்றிலை மடித்துக்கொண்டு கதைப்பார். "ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், தேங்காய் என்ன விலை எண்டும் தெரியாது, எங்கட செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்லிப்போட்டுப் போயிற்றார்." பிரிட்டிஷ் கயானாவில் கால்டோரின் யோசனைப்படி வந்த வரவுசெலவுத் திட்டம் 1962 பெப்ரவரியில் கலவரத்தில் முடிந்து ஜோர்ஜ்டவுண் பற்றி எரிந்தது. கால்டோர் மோசமான மனிதர் அல்லர். ஏழைகளின் பக்கம் உண்மையாக நின்ற பெரிய அறிஞர், அவருடைய கணக்கில் நியாயமும் இருந்தது. ஆனால் கணக்கு பிழைத்த இடத்தில் ஜனங்களுக்கு முகம் கொடுத்தவர் அமைச்சர். ஆலோசகர் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

லண்டனில் அவர் சொன்னபடி 1966இல் தெரிவுசெய்த வேலைவாய்ப்பு வரி வந்தது. கடைகள், ஹோட்டல்கள் போன்ற சேவைத் தொழில்களுக்குப் பாரமும் தொழிற்சாலைகளுக்குச் சலுகையும் என்ற வரி. 1973இல் அதுவும் போனது. வரி போனாலும் பதவி நிலைத்துவிட்டது. அமைச்சர் தனக்கு நம்பிக்கையான ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவரலாம், அவர் அரசாங்கச் சம்பளம் எடுக்கலாம் என்பதை வைட்ஹால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றது. உத்தியோகத்தர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்போல நடக்கும் எதிலும் தேர்ச்சியில்லாதவர்கள் என்று 1959இலேயே பலோக் எழுதியிருந்தார். 1968இன் ஃபுல்டன் குழு அறிக்கையும் ஏறத்தாழ அதே குறையைச் சொன்னது.

1974இல் மறுபடி பிரதமரான வில்சன் அதை முறைப்படுத்தினார். அமைச்சரவை அமைச்சர் ஒவ்வொருவரும் இரண்டு பேர்வரை வைத்துக்கொள்ளலாம். தனக்கென்று ஒரு கொள்கைப் பிரிவை உருவாக்கி, லண்டன் பொருளியல் கல்லூரியிலிருந்து பெர்னார்ட் டொனஹியூவைக் கொண்டுவந்து அதற்குத் தலைவராக்கினார். மறு வருடம் ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் கூடிய பொதுநலவாய நாட்டுத் தலைவர்களின் மாநாட்டுக்கு, இந்தப் பரிசோதனையைப்பற்றி ஒரு கட்டுரையே எழுதிக் கொடுத்தார். ஆலோசகர் என்ன செய்வார் என்று அதில் வரிசைப்படுத்தியிருந்தார். நான் அதைப் பல வருடம் கழித்துத் திணைக்கள நூலகத்தில் வாசித்தேன். முதலில் சொன்ன வேலை, அமைச்சருக்குப் போகும் கோப்புகளைச் சலிப்பது. எங்கள் ஊர் அரிதட்டு நினைவுக்கு வந்தது. இடித்த மாவு வேண்டியமட்டும் இருக்கும். கட்டி எங்கே, உமி எங்கே என்று தட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

அந்தச் சலிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். இலாகா ஒரு விடயத்தில் அமைச்சரின் முடிவைக் கேட்டுக் குறிப்பு அனுப்பும். மூன்று வழிகள் சொல்லியிருக்கும். முதலாவது ஒருவருக்கும் பிடிக்காது, மூன்றாவது நடக்காது, நடுவில் இருப்பதுதான் இலாகாவின் விருப்பம் என்பது கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். மாலை ஆறு மணிக்குப் பெட்டி கட்டுவதற்குமுன் அந்தக் குறிப்பு ஆலோசகரின் மேசைக்குப் போய் வரும். அவர் மேலே ஒரு சிறு தாளை வைத்திருப்பார். "இது நம் தேர்தல் விஞ்ஞாபனத்துக்கு மாறு", "இதைக் கேட்டால் நம் பின்வரிசை எம்.பி.க்கள் குமுறுவார்கள்" என்ற மாதிரி. இலாகாவின் குறிப்பில் ஒரு சொல்லும் மாறியிருக்காது. மாற்றவும் கூடாது. அமைச்சர் இரவு இரண்டையும் வாசித்து முடிவைத் தன் கையால் எழுதுவார். இரண்டு யோசனையும் கோப்பில் இருக்கும். யார் எதைச் சொன்னார் என்று பிற்காலத்தில் பார்க்கலாம்.

பலர் நினைப்பதற்கு மாறாக, இந்த ஏற்பாடு உத்தியோகத்தனைக் காப்பாற்றுகிறது. கட்சி மாநாட்டுப் பேச்சை யார் எழுதுவது? எதிர்க்கட்சிக்குச் சுடச்சுடப் பதில் யார் தயாரிப்பது? ஆலோசகர் இல்லாவிட்டால் அமைச்சர் என்னைப் பார்ப்பார். நான் எழுதிக் கொடுத்தால் அடுத்த அமைச்சர் என்னை எப்படி நம்புவார்? ஒருமுறை புதிதாக வந்த ஆலோசகர் ஒருவர், நூற்றைம்பது கட்சிக்காரரின் விலாசங்களைத் திணைக்கள உறைகளில் தட்டச்சு செய்து தரச்சொன்னார். நான் முடியாது என்றேன். அப்பாவின் மாற்றல் கடிதம் கண்ணுக்குமுன் வந்தது, கை நடுங்கியது. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு உறைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பின்னேரம் வெளியே போய்த் தபால்தலை வாங்கிவந்தார். முதலில் சொன்ன ஆலோசகர் அவர்தான்.

வில்சன் காலத்து ஆலோசகர்களில் பார்பரா காஸிலிடம் வேலைசெய்த இளம் வழக்கறிஞர் ஜக் ஸ்ட்ரோ, 1979இல் அவருடைய பிளாக்பர்ன் தொகுதிக்கே எம்.பி.யாகி, 1997இல் உள்துறை அமைச்சரானார். பிறகு அது ஒரு பாதையாகவே ஆகிவிட்டது. 1992 செப்டம்பர் 16, பவுண் விழுந்த அன்று மாலை, நிதியமைச்சர் நோர்மன் லமொன்ட் திறைசேரிக்கு வெளியே நின்று தோல்வியை அறிவித்தார். தொலைக்காட்சிப் படத்தில் பின்னால் ஓரமாக நின்ற இளைஞன் டேவிட் கமரன், அவருடைய ஆலோசகர். பதினெட்டு வருடத்தில் அவர் பிரதமர். மிலிபாண்ட் சகோதரர்கள், எட் போல்ஸ் எல்லோரும் இந்த வாசலால் வந்தவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பல்கலைக்கழகம், அங்கிருந்து ஆலோசகர் மேசை, அங்கிருந்து நாடாளுமன்றம் என்று போகிறவருக்குப் பஸ் கட்டணம் என்னவென்று தெரியாமலே அமைச்சராகிவிட முடியும். இதை நான் நல்லதென்று நினைக்கவில்லை.

ஆலோசகரின் நிழல் அமைச்சரைவிடப் பெரிதாகும் ஆபத்தும் இருந்தது. பிரதமர் தட்சரின் ஆலோசகர் அலன் வோல்டர்ஸ், நிதியமைச்சர் நைஜல் லோசனின் நாணயக் கொள்கையை எதிர்த்தார். நாட்டின் நிதியமைச்சர் யார் என்ற கேள்வி சந்தைக்கு வந்தது. 1989 ஒக்டோபர் 26 அன்று லோசன் விலகினார், வோல்டர்ஸும் அன்றைக்கே விலகினார்.

1997இல் பிளேயர் பிரதமராக வந்தபோது எல்லையே நகர்த்தப்பட்டது. அரச சபை ஆணை ஒன்றின்மூலம், பிரதமர் அலுவலகத்தில் மூன்று ஆலோசகர்வரை நிரந்தர உத்தியோகத்தருக்கு உத்தரவிடலாம் என்றாக்கினார்கள். அந்த அதிகாரத்தைப் பெற்றவர்கள் அலஸ்டர் கம்பெல், ஜோனதன் பவல். தேர்தலுக்குமுன் எல்லா அமைச்சுகளிலுமாக 38 ஆலோசகர்கள் இருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் எழுபதைத் தொட்டது. மேசைக்குப் பக்கத்தில் நின்று யோசனை சொன்னவர் மேசையில் ஏறியிருக்கத் தொடங்கினார் என்று நான் அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். 2007இல் பிரதமரான கோர்டன் பிரவுன் முதல் வேலையாக அந்த ஆணையை நீக்கினார்.

இடையில் 2001 செப்டம்பர் 11 வந்தது. நியூயோர்க் கோபுரங்கள் எரிவதை எங்கள் கந்தோர்த் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் கதைக்கவில்லை. அதே பின்னேரம், வேறோர் அமைச்சில், போக்குவரத்து அமைச்சர் ஸ்டீபன் பையர்ஸின் ஆலோசகர் ஜோ மூர், மக்கள் கண்ணில் படக்கூடாத செய்திகள் ஏதாவது இருந்தால் வெளியிட இன்று நல்ல நாள் என்று உத்தியோகத்தருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒரு மாதத்தில் அது வெளியே வந்தது. 2002 பெப்ரவரியில் அவர் பதவி விலகினார், மே மாதம் அமைச்சரும் போனார். அந்த அமைச்சில் வேலைசெய்தவர்கள் அதற்குப் பிறகு தெருவில் எங்கே வேலை என்று சொல்லக் கூச்சப்பட்டார்கள்.

அந்த வெட்கம் ஒரு சட்டமாக எட்டு வருடம் பிடித்தது. 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தமும் ஆளுகையும் சட்டம், நோர்த்கோட் – ட்ரெவெலியன் கேட்ட சட்டப் பாதுகாப்பை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு உத்தியோகத்தருக்குக் கொடுத்தது. அதே சட்டம் சிறப்பு ஆலோசகரையும் பெயர்சொல்லி எழுதியது. அவர் அரசாங்கப் பணத்தைச் செலவழிக்க அனுமதி கொடுக்க முடியாது. உத்தியோகத்தரை நிர்வகிக்க முடியாது. சட்டம் கொடுத்த அதிகாரம் எதையும் பயன்படுத்த முடியாது. அவரை நியமித்த அமைச்சர் பதவியிழந்தால் அவருக்கும் வேலை போகும். பொதுத்தேர்தல் வந்தால் வாக்களிப்புக்கு மறுநாள் முடிவோடு போகும். எத்தனை ஆலோசகர், எவ்வளவு செலவு என்று வருடந்தோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை வைக்கவேண்டும். 1997 மே 2 அன்று அந்த இளைஞர் அட்டைப்பெட்டியோடு இறங்கிப்போன ஒழுங்கு, அன்று ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது. இன்று சட்டத்தில் இருக்கிறது.

சட்டம் இருந்தும் மீறல் நடக்கும். 2020 பெப்ரவரி 13 அன்று நிதியமைச்சர் சஜித் ஜாவிட்டிடம், உன் ஆலோசகர் எல்லோரையும் நீக்கு, பிரதமர் அலுவலகம் தரும் ஆட்களை எடு என்றார்கள். மானமுள்ள எந்த அமைச்சரும் இதை ஏற்கமாட்டார் என்று சொல்லிவிட்டு அவர் விலகினார். அதற்குப் பின்னால் இருந்தவர் பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கமிங்ஸ். மே 25இல் அதே கமிங்ஸ், கொரோனா முடக்கத்தின்போது குடும்பத்தோடு டர்ஹமுக்குப் போனதற்கு விளக்கம் சொல்ல, டவுனிங் தெரு 10ஆம் இலக்க வீட்டின் பின்தோட்டத்தில் ஒரு சின்ன மேசை போட்டுப் பத்திரிகையாளர் முன்னால் இருந்தார். அரசியல் சர்ச்சையில் ஆலோசகர் பகிரங்கமாக இறங்கக்கூடாது என்று அவருடைய நடத்தை விதியே சொல்கிறது. வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் மனைவியிடம் சொன்னேன்: "லொயிட் ஜோர்ஜ் கொட்டில் போட்ட தோட்டம் அது." அந்த வருடம் முடியுமுன் அவரும் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால் இறங்கிப் போனார். நாடே படம் பிடித்தது.

எங்கள் நாட்டுக்கு வருகிறேன். இலங்கையில் அமைச்சரின் ஆளுக்கு இன்று பெயர் உண்டு: இணைப்புச் செயலாளர், பிரத்தியேகச் செயலாளர், ஆலோசகர், ஊடகச் செயலாளர். உத்தியோகத்தரைக் காக்கவேண்டிய அரசாங்க சேவை ஆணைக்குழு போன்ற ஆணைக்குழுக்களின் சுதந்திரத்தை 2001இல் 17ஆம் திருத்தம் கொடுத்தது, 2010இல் 18ஆம் திருத்தம் பறித்தது, 2015இல் 19 கொடுத்தது, 2020இல் 20 பறித்தது, 2022இல் 21 திரும்பக் கொடுத்திருக்கிறது. போன வருடம் ஊருக்குப் போனபோது காணி அலுவலாக ஓர் அலுவலகத்தில் காத்திருந்தேன். வரிசையில் முப்பது பேர். ஓர் அரசியல்வாதியின் இணைப்பாளர் என்று சொன்ன ஒருவர், வரிசையைத் தாண்டி உள்ளே போய் உத்தியோகத்தரின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும், எழும்பி நின்றது.

அமைச்சருக்கு அரசியல் துணை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடம் அந்தத் துணையின் பயனைப் பார்த்தவன். அந்த ஆளின் பெயரை எழுதி வையுங்கள், சம்பளத்தை எழுதி வையுங்கள், உத்தியோகத்தருக்கு உத்தரவிட அதிகாரமில்லை என்று எழுதி வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அதை நாடாளுமன்றத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆள்கிறவர்கள் தாமாகச் செய்யும்வரை பார்த்திருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. இதை வாசிக்கும் இலங்கையர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அமைச்சரின் பணிக்குழுவில் யார் யார், எந்தத் திகதியிலிருந்து, எவ்வளவு சம்பளத்தில், என்ன கடமைக்கு என்று கேளுங்கள். பதில் தமிழிலேயே வேண்டும் என்றும் எழுதுங்கள்.